கையால் கட்டிய பெடல் சத்தம் போட மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் கிட்டார் பெடல் கட்டும் ஆசை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் விடாது. என் நண்பர்கள் வட்டத்தில் அப்படிக் கட்டியவர்களில் பாதிப் பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்தமே வராத ஒரு பெட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நிறைய தப்பு செய்து, அந்தத் தப்புகளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப போனில் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதினேன். பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. இங்கே பெடல் என்றால் 9 வோல்ட்டில் ஓடும் பூஸ்டர் (சத்தத்தை ஏற்றுவது), ஃபஸ், ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குபவை) வகைகள்: ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர் அல்லது ஒரு 8 கால் ஐசி, டாட் போர்டிலோ (ஓட்டைக்கு ஒரு செம்புப் புள்ளி) வெரோ போர்டிலோ (ஓட்டைகளைச் சேர்க்கும் செம்புப் பட்டைகள்) கட்டியது. டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பக்கம் நான் போகவில்லை.

பெடலை முழுசா கட்டிட்டேன், சத்தமே வரல. முதல்ல எதைப் பார்க்கணும்?

முதல் வேலையாக சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். சத்தம் வரவில்லை என்றதும் டிரான்சிஸ்டரைப் பிடுங்குவது, ஐசியை மாற்றுவது என்று இறங்கினால் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். நான் பார்த்த வரைக்கும் பார்ட் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். இடம் மாறிய வயர், ஒட்டாத சால்டர், மதிப்பு மாறிய ரெசிஸ்டர், இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பெடல் இல்லாமல் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகி, இரண்டு கேபிளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சிரிக்காதீர்கள், செத்த கேபிளை வைத்துக்கொண்டு நானே ஒரு ராத்திரி முழுக்க பெடலைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். கேபிள் சரி என்றால் பெடலை இடையில் வைத்து ஃபுட் ஸ்விட்சை மிதித்துப் பாருங்கள். ஒரு நிலையில் சுத்தமான கிட்டார் சத்தம் வந்து, இன்னொரு நிலையில் வரவில்லை என்றால் ஜாக்குகள் சரியாக இருக்கின்றன, கோளாறு போர்டிலோ போர்டுக்குப் போய்வரும் வயரிலோதான். இரண்டிலும் வரவில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பைபாஸ்லயே சத்தம் இல்ல. போர்டு போச்சா?

ட்ரூ பைபாஸ் பெடலில் பைபாஸ் நிலையில் (எஃபெக்ட் அணைந்திருக்கும்போது) சிக்னல் போர்டைத் தொடுவதே இல்லை. இன்புட் ஜாக், ஸ்விட்ச், அவுட்புட் ஜாக், அவ்வளவுதான் பாதை. எனவே போர்டை மறந்துவிடுங்கள்.

ஜாக்கில் எந்தக் கால் எது என்று பார்வையில் முடிவு செய்யாதீர்கள். ஒரு கேபிளைச் சொருகி, அதன் மறுமுனையின் நுனிக்கும் ஜாக்கின் காலுக்கும் மல்டிமீட்டரில் பீப் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வருகிறதா என்று பாருங்கள். பீப் வரும் கால்தான் சிக்னல். பேட்டரி போடும் பெடலில் இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் வைப்பது வழக்கம். அதன் நடுக் காலில் பேட்டரியின் கறுப்பு வயர் வரும், கேபிள் சொருகினால் மட்டும் பேட்டரி இணையும். அந்தக் காலில் சிக்னல் வயரை வைத்துவிட்டால் கேபிள் சொருகிய கணமே சிக்னல் கிரவுண்டோடு (எல்லாவற்றுக்கும் பொதுவான 0 வோல்ட் பக்கம்) சேர்ந்துவிடும், சத்தம் வராது.

ஸ்விட்ச் 9 கால் உள்ளது, மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நடுக் கால் பொது. ஒருமுறை மிதித்தால் மேல் காலோடும், மறுமுறை மிதித்தால் கீழ்க் காலோடும் சேரும். ஆனால் ஸ்விட்ச் சதுரமாக இருப்பதால் 90 டிகிரி திரும்பிப் பொருத்திவிடுவது ரொம்ப சுலபம். அப்போது நீங்கள் வரிசை என்று நினைப்பது வரிசையே இல்லை. வயர் வைப்பதற்கு முன்பே பீப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் கட்டாயம் வேணுமா?

வேண்டும். டிடி830டி என்ற சின்ன மஞ்சள் மீட்டரே போதும். பெரும்பாலும் இரண்டு வேலைக்குத்தான் அது: பீப், அப்புறம் 20 வோல்ட் டிசி. உங்கள் மீட்டரில் பீப் இல்லாவிட்டால் 200 ஓம் அளவில் வையுங்கள், ஓரிரு ஓமுக்குள் காட்டினால் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

எல்இடி எரியுதே, அப்போ கரன்ட் வருதுன்னுதானே அர்த்தம்?

சாக்கெட்டுக்கு வருகிறது என்றுதான் அர்த்தம். எல்இடிக்குப் போகும் வயர் பெரும்பாலும் போர்டைத் தொடாமல், ஸ்விட்சின் மூன்றாவது வரிசை வழியாகத் தனியாகப் போகிறது. போர்டுக்குப் போகும் சிவப்பு வயர் அறுந்திருந்தாலும் எல்இடி ஜம்மென்று எரியும். இதற்கு நேர்மாறும் உண்டு: எல்இடியைத் திருப்பிப் போட்டதால் எரியாமல் இருக்கும், பெடல் நன்றாக வேலை செய்யும். மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஐசியின் காலிலேயே நேராகத் தொட்டு அளப்பதுதான் நம்பகமான வழி.

அடாப்டர்ல 9 வோல்ட்னு தெளிவா போட்டிருக்கு. ஏன் ஓடல?

எத்தனை வோல்ட் என்பதோடு எந்தப் பக்கம் பிளஸ் என்பதும் முக்கியம். பெடல்களின் வழக்கம் உள் ஊசி மைனஸ், வெளி வளையம் பிளஸ். வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் அடாப்டர், செட் டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் பொதுவாக நேர்மாறு. பலவற்றில் 12 வோல்ட் வேறு. அடாப்டரின் மேல் அச்சிட்ட வட்டப் படத்தைப் பாருங்கள், மீட்டர் வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

தப்பாகச் சொருகிவிட்டீர்கள் என்றால் பெடலில் பாதுகாப்புக்குப் போட்ட 1என்4001 டயோடு குறுக்கே படுத்து அடியை வாங்கிக்கொள்ளும். அடாப்டர் வலுவானதாக இருந்தால் டயோடு வெந்து ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் சரியான அடாப்டரைப் போட்டாலும் 0 வோல்ட்தான் காட்டும். டயோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள். வோல்டேஜ் திரும்பி வந்தால் புது டயோடு போட்டு முடித்துக்கொள்ளலாம், பெரும்பாலும் மற்ற பார்ட்டுகள் பிழைத்திருக்கும்.

உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பழைய கனமான அடாப்டர்களில் 9 என்று போட்டிருந்தாலும், இழுவை இல்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். சாதாரண பூஸ்டருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மேக்ஸ்1044, ஐசிஎல்7660 போன்ற வோல்டேஜ் மாற்றி ஐசி போட்ட பெடல் என்றால், அவை 10 வோல்ட்டைத் தாண்டினால் உயிரை விடும்.

எந்த இடத்துல எத்தனை வோல்ட் இருக்கணும்னு எப்படித் தெரியும்?

முதலில் எல்பிபி-1 வகை பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1960களின் இறுதியில் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட் அது, பலருக்கும் முதல் பெடல். 9 வோல்ட்டில் அந்த டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில், பேஸில் 0.8, எமிட்டரில் 0.2, கலெக்டரில் 4 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். எந்த சிலிக்கான் டிரான்சிஸ்டராக இருந்தாலும் எமிட்டரைவிட பேஸ் 0.6 வோல்ட் அளவு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கலெக்டரில் முழு 9 வோல்ட் நின்றால் டிரான்சிஸ்டர் தூங்குகிறது: பேஸுக்கு வோல்டேஜ் வரவில்லை, அல்லது எமிட்டர் கிரவுண்டுக்குப் போகவில்லை. கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டினால் அது முழுக்கத் திறந்து கிடக்கிறது, பயஸ் ரெசிஸ்டர்களில் (டிரான்சிஸ்டரின் இந்த வோல்டேஜ்களை அமைப்பவை) ஒன்று தப்பு.

டிஎல்072, 4558 போன்ற, சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசியில் கணக்கு இன்னும் எளிது. பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் கால் 1. அங்கிருந்து இடது பக்கம் கீழே இறங்கி, வலது பக்கம் மேலே ஏறி 8. எட்டாம் காலில் 9, நாலாம் காலில் 0, மற்ற ஆறிலும் 4.5 அளவு. இந்த 4.5 எங்கிருந்து வருகிறது என்றால், சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் 9 வோல்ட்டைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடத்திலிருந்து. 1 அல்லது 7ஆம் கால் ஒரேயடியாக மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த 4.5 வந்து சேரவில்லை, அல்லது அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் ரெசிஸ்டர் பாதை அறுந்திருக்கிறது.

நீங்க சொன்ன மாதிரி 4.5 இல்ல, மூணாம் கால்ல 2.2 தான் காட்டுது. ஐசி போச்சுதானே?

அவசரப்படாதீர்கள், ஒருவேளை மீட்டர் பொய் சொல்கிறது. மூன்றாம் காலுக்கு 4.5 வோல்ட் ஒரு 1 மெக் (10 லட்சம் ஓம்) ரெசிஸ்டர் வழியாக வருகிறது என்று வையுங்கள். மேலே சொன்ன மஞ்சள் மீட்டரின் உள் தடையும் 1 மெக்தான். நீங்கள் முனையை வைத்ததும் இரண்டும் சேர்ந்து அந்த 4.5ஐப் பாதியாக்கிவிடும். 2.25 காட்டும். 10 மெக் தடை உள்ள நல்ல மீட்டர் அதே இடத்தில் 4.1 காட்டும்.

எனவே பெரிய ரெசிஸ்டருக்குப் பின்னால் இருக்கும் காலை அளக்காமல், அவுட்புட் காலை (1 அல்லது 7) அளங்கள். அங்கே 4.5 இருந்தால் உள்ளேயும் சரியாகத்தான் இருக்கிறது. இதே காரணத்துக்காக நான் ஒரு தடவை மூன்று நல்ல ஐசிகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்கு. ஆனாலும் சத்தம் இல்ல. இப்ப என்ன?

இப்போதுதான் உண்மையான ஆயுதம் வெளியே வருகிறது: ஆடியோ புரோப். பேர் பெரிதாக இருக்கிறதே தவிர பத்து நிமிட வேலைதான். பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டுங்கள். நடு வயரில் 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்த்து, அதன் மறுகாலை முனையாக விட்டுவிடுங்கள். சுற்றியிருக்கும் வலைக் கம்பியில் ஒரு முதலைக் கிளிப். கிளிப்பை பெடலின் கிரவுண்டில் கடிக்க விட்டு, கேபிளின் மறுமுனையை ஆம்பில் சொருகி, சத்தத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். அந்தக் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் விடும்.

இன்புட்டில் யாராவது கிட்டாரை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லை என்றால் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டு இன்புட்டில் கொடுங்கள். பாட்டே நல்லது, கை இரண்டும் சும்மா இருக்கும். இப்போது சர்க்யூட் படத்தை முன்னால் வைத்து, சிக்னல் போகும் வழியே நடந்து போங்கள். இன்புட் ஜாக்கில் கேட்கிறதா? ஸ்விட்சுக்குப் பிறகு? முதல் கெப்பாசிட்டருக்கு முன்னால்? பின்னால்? பேஸில்? கலெக்டரில் பேஸைவிட உரக்கக் கேட்க வேண்டும். சத்தம் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்துக்கும் கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. மிஞ்சிப்போனால் ஒரு பார்ட், இரண்டு சால்டர் புள்ளி.

நண்பர் ஒருவர் ஒரு மாதமாகப் போராடிய ஓவர்டிரைவ் இப்படித்தான் பிடிபட்டது. கெப்பாசிட்டரின் இந்தக் காலில் பாட்டு கேட்டது, அடுத்த ரெசிஸ்டரில் இல்லை. உற்றுப் பார்த்தால் டாட் போர்டில் கால் ஒரு ஓட்டை தள்ளி உட்கார்ந்திருந்தது. அதற்குள் அவர் எல்லா ஐசியையும் மாற்றி முடித்திருந்தார். ஒரு எச்சரிக்கை: இந்த விளையாட்டு 9 வோல்ட் பெடலுக்குள் மட்டும். இதை வைத்துக்கொண்டு வால்வு ஆம்பின் உள்ளே கைவிடாதீர்கள், அங்கே இருப்பது ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.

2என்3904 டிரான்சிஸ்டர் இல்லன்னு கடைக்காரர் பிசி547 தந்தார். அதைப் போட்டா வேலை செய்யுமா?

பெரும்பாலான சர்க்யூட்டில் செய்யும், ஆனால் திருப்பிப் போட வேண்டும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலம்: 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டு படத்தில் டிரான்சிஸ்டரைக் குறிக்கும் அரைவட்டத்தை அப்படியே பார்த்துப் போட்டால் தலைகீழாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலைகீழாகப் போட்டாலும் டிரான்சிஸ்டர் ஒரேயடியாக ஊமையாவதில்லை. மெலிதாக, உயிரில்லாமல் ஏதோ ஒன்று வரும். ‘வேலை செய்யுது, ஆனா பூஸ்ட் இல்ல’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சால்டர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அதையே ஏன் சந்தேகப்படறீங்க?

நானும் அப்படித்தான் சொல்வேன், என் பெடலைப் பற்றி. ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிக் காலில் தடவினால் அது பனித்துளி மாதிரி மேலே உட்காரும், ஒட்டாது. காலையும் செம்பையும் முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் உருகிப் பரவ வேண்டும். பெடல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பார்ட்டையும் லேசாக அசைத்துப் பாருங்கள். எங்கே கரகரக்கிறதோ, விட்டு விட்டு வருகிறதோ, அங்கே கொஞ்சம் ஃபிளக்ஸ் தொட்டு மறுபடி சூடு காட்டுங்கள்.

வெரோ போர்டில் இன்னொரு தொல்லை உண்டு. பக்கத்துப் பக்கத்துச் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் முடி கனத்தில் ஈயம் பாலம் போட்டிருக்கும். வெட்ட வேண்டிய பட்டை முழுக்க அறுபடாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பழைய பிளேடால் ஒவ்வொரு இடைவெளியையும் கீறிவிட்டு, பீப் வைத்துப் பாருங்கள்.

பெட்டிக்கு வெளிய சூப்பரா ஓடுது. மூடினதும் செத்துடுது. பேயா?

ஷார்ட். போர்டின் அடிப்பக்கம் பாட்டின் (குமிழுக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின்) உலோக முதுகைத் தொடும், அல்லது கேபிள் சொருகும்போது ஜாக்கின் வளைந்த தகடு விரிந்து பெட்டிச் சுவரைத் தொடும். கேபிள் சொருகாமல் பார்த்தால் இடைவெளி இருப்பது போலவே தெரியும், அதுதான் ஏமாற்றும். பாட் முதுகுகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கேபிளைச் சொருகிய நிலையில் உள்ளே பாருங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் இரும்பு ஸ்விட்ச் பாக்ஸில் கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: அதன் ஓரங்கள் வயரின் தோலை அறுத்துவிடும், அரம் போட்டுவிடுங்கள்.

ஒரே உர்ர்ர்னு இரைச்சல். எப்படி நிறுத்தறது?

பேட்டரி போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் அடாப்டர் மேல். தாழ்வான உறுமல் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரின் வடிகட்டல் போதவில்லை, மெலிதான கீச்சு என்றால் மலிவான ஸ்விட்சிங் அடாப்டர். பெடலுக்குள் 9 வோல்ட் நுழையும் இடத்தில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் போட்டால் 16 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதெல்லாம் நன்றாகக் குறையும்.

பேட்டரியிலும் உறுமினால் கிரவுண்டில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. இரண்டு ஜாக், பெட்டி, பாட் முதுகுகள், போர்டின் கிரவுண்டு எல்லாம் ஒன்றோடொன்று பீப் அடிக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்பது பெரும்பாலும் கிட்டாரின் விஷயம், பெடலைத் திட்டாதீர்கள். இரைச்சலைக் குறைக்க ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் கையில் பிடித்திருப்பது உலோகக் கம்பி.

கெயினை முழுசா திருப்பினா விசில் அடிக்குது

வெளியே போகும் பெரிய சத்தம் உள்ளே வரும் சின்னச் சத்தத்துக்குள் திரும்ப நுழைகிறது. மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினால் கூவுமே, அதேதான். இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் பிரித்து வையுங்கள். ஈர்க்குச்சியால் வயரைத் தள்ளும்போது விசிலின் சுருதி மாறினால் காரணம் உறுதி. இன்புட் வயரை ஷீல்டு வயராக மாற்றி, வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். முந்தைய பதிலில் சொன்ன 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாமல் கட்டியிருந்தால் அதையும் போடுங்கள்.

பெடல்ல ரேடியோ கேக்குது, யாரோ செய்தி வாசிக்கிறாங்க!

நம்ப முடியாது, ஆனால் நடக்கும். நீளமான வயர் ஆன்டெனா ஆகிறது, டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தி பழைய கிறிஸ்டல் ரேடியோவின் டயோடு மாதிரி வேலை செய்து ஏஎம் ஒலிபரப்பைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கெயின் அதிகமான ஃபஸ்ஸில்தான் இது அதிகம். இன்புட்டில் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அதன் பின்னாலிருந்து கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட் போடுங்கள். ஃபஸ் சர்க்யூட்டில் 10 கே அதன் குணத்தை மாற்றும், அங்கே 1 கேயும் 470 பிகோஃபாரட்டும் போதும். பெட்டியை மூடாமல் குறை சொல்லாதீர்கள். கிரவுண்ட் செய்த உலோகப் பெட்டியே பாதி மருந்து.

ஸ்விட்சை மிதிச்சா டப்புனு ஒரு அடி

இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 1 மெக் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கெப்பாசிட்டரின் வெளிப்பக்கம் அந்தரத்தில் நின்று சார்ஜ் சேர்த்துக்கொள்ளும், மிதித்ததும் மொத்தமாகக் கொட்டும். இருந்தும் அடித்தால் எல்இடியைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். அடி நின்றுவிட்டால் எல்இடி ரெசிஸ்டரை 4.7 கேயிலிருந்து 10 கே ஆக்குங்கள். அடாப்டர் போட்ட புதிதில் முதல் ஓரிரு மிதிக்கு வரும் டப் சகஜம்.

வால்யூம் தலைகீழா இருக்கு. திருப்பினா கொஞ்ச தூரத்துலயே முழுசா ஏறிடுது

இது இரண்டு கேள்வி. தலைகீழ் என்றால் பாட்டின் வெளிக் கால்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள், முடிந்தது. சட்டென்று ஏறுவது பாட்டின் வகையால் வருவது. முதுகில் பி100கே என்றிருந்தால் சீராக ஏறும் வகை, ஏ100கே என்றால் காதுக்கு ஏற்றபடி மெதுவாக ஏறும் வகை. வால்யூமுக்கு ஏ நல்லது. கடையில் கேட்டால் பி மட்டும்தான் சுலபமாகக் கிடைக்கும், அதனால் பலரும் அதையே போட்டுவிடுகிறார்கள். பி100கேவின் நடுக் காலுக்கும் கிரவுண்டுக் காலுக்கும் நடுவில் ஒரு 15 கே ரெசிஸ்டர் வைத்தால் கிட்டத்தட்ட ஏ மாதிரி நடந்துகொள்ளும்.

எஃபெக்ட் ஆன் பண்ணினா சத்தம் குறைஞ்சு போகுது

கிளிப்பிங் டயோடுகள் (சிக்னலின் உச்சியை வெட்டிக் கரகரப்பாக்குபவை) கிரவுண்டுக்குப் போகும் சர்க்யூட்டில் டயோடின் வோல்டேஜ்தான் உச்சவரம்பு. 1என்4148க்கு 0.6 அளவு, ஜெர்மானியத்துக்கு 0.3 அளவு, சிவப்பு எல்இடிக்கு 1.7 அளவு. ஜெர்மானியம் போட்டு ‘மெதுவா கேக்குது’ என்றால் அது கோளாறே இல்லை.

அது காரணம் இல்லை என்றால் மதிப்புகளைச் சரிபாருங்கள். கெப்பாசிட்டரில் 104 என்றால் 100 நானோ, 103 என்றால் 10 நானோ, 102 என்றால் 1 நானோ. கண்ணாடி போடாமல் படித்தால் மூன்றும் ஒன்றுதான். நீல உடம்பு ரெசிஸ்டரில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு எனக்கு இன்றுவரை ஒரே மாதிரிதான் தெரிகின்றன, அதனால் மீட்டரில் அளக்காமல் எதையும் போர்டில் வைப்பதில்லை. போர்டில் இருக்கும்போது அளந்தால், மற்ற பாதைகளும் சேர்வதால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகி முடிந்த பிறகும் அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் தப்பானது.

பேஸ் கிட்டாருக்குப் போட்டா அடிச்சத்தமே காணாம போயிடுது

கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. கிட்டாருக்காக வரைந்த பெடல் வேண்டுமென்றே அடியை வெட்டுகிறது. டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் சர்க்யூட்டில் ஐசியின் மைனஸ் இன்புட் காலிலிருந்து 4.7 கே, 47 நானோ இரண்டும் தொடராகக் கிரவுண்டு பக்கம் போகும். அந்த ஜோடி 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பூஸ்ட் குறையும்படி செய்கிறது. கிட்டாரில் அதுதான் அழகு, பேஸில் அதுதான் பஞ்சம்.

47 நானோவை 220 நானோ ஆக்கினால் 154 ஹெர்ட்ஸ், 470 நானோ ஆக்கினால் 72. நான் 220இல் நிறுத்துவேன். ஏனென்றால் அடியையும் சேர்த்து முழுக்க டிஸ்டார்ட் செய்தால் மத்தளத்தோடு சேர்ந்து சேறாகிவிடும். சுத்தமான சிக்னலைக் கொஞ்சம் கலந்துவிடும் பிளெண்ட் குமிழ் ஒன்று வைப்பது என் கணக்கில் இதைவிட நல்ல வழி.

ஜெர்மானியம் ஃபஸ் காலைல தேன் மாதிரி இருக்கு, மத்தியானம் ரிகர்சல்ல கிழிஞ்ச துணி மாதிரி கேக்குது

பெடல் கெடவில்லை, வெயில் ஏறிவிட்டது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரன்ட் கசியும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் என்கேடி275 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் இருந்தது, சில ஆண்டுகளில் பிசி108 போன்ற சிலிக்கானுக்கு மாறினார்கள். லண்டன் குளிருக்கு வரைந்த சர்க்யூட் சென்னையின் மே மாதத்தில் தள்ளாடுவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் அளவு இருக்க வேண்டும். அங்கே இருக்கும் ரெசிஸ்டருக்குப் பதில் 10 அல்லது 20 கே பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து, வாசிக்கும் இடத்தின் சூட்டில் சரிசெய்துகொள்ளுங்கள். மொட்டை மாடி நிகழ்ச்சி என்றால் நான் சிலிக்கான் ஃபஸ்ஸைத்தான் எடுத்துப்போவேன்.

அதே ஃபஸ்ஸை மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல மாட்டினேன், எல்லாமே அணைஞ்சு போச்சு

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏசி128 போட்டிருப்பீர்கள். அது பிஎன்பி வகை, அதாவது வோல்டேஜ் தலைகீழாக வேண்டும். அதில் கட்டும் ஃபஸ்ஸில் பொதுவாக பிளஸ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் மைனஸ் கிரவுண்ட். கிட்டார் கேபிளின் வலை எல்லாக் கிரவுண்டையும் சேர்த்துவிடுவதால் அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்கின்றன. அந்த ஃபஸ்ஸுக்கு மட்டும் பேட்டரி போடுங்கள். அது 9 வோல்ட் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும்.

உள்ளே மைனஸ் 9 உண்டாக்கும் ஐசி வைத்தும் சமாளிக்கலாம். ஐசிஎல்7660எஸ் என்றால் அதன் முதல் காலை 9 வோல்ட்டோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காதுக்கு எட்டும் கீச்சு வரும். கடைசி எழுத்து இல்லாத 7660இல் அந்த வசதி கிடையாது. 10 வோல்ட் எச்சரிக்கை மேலே அடாப்டர் கேள்வியில் இருக்கிறது.

தனியா வாசிச்சா நல்லா இருக்கு, வேற பெடலுக்குப் பின்னாடி வச்சா கூசுது

ஃபஸ் ஃபேஸ் வகை என்றால் அதை வரிசையில் முதலாவதாக வையுங்கள். அதன் இன்புட் தடை குறைவு, அதனால் கிட்டாரின் பிக்கப்பையே சர்க்யூட்டின் ஒரு பாகம் போல இழுத்து வாசிக்கும். நடுவில் பஃபர் (கிட்டாரைப் பின்னால் இருப்பதிலிருந்து பிரித்துவிடும் சின்ன சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால் அந்த உறவு அறுந்து சத்தம் கரடுமுரடாகும். மற்ற வகைகளில் இந்தப் பிரச்சினை வந்தால் முன்னால் இருக்கும் பெடலின் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் வரல. தூக்கிப் போட்டுட்டு புதுசா கட்டிடவா?

இன்றைக்கு மூடி வைத்துவிட்டு நாளை பாருங்கள். அப்புறம் சர்க்யூட் படத்தை அச்செடுத்து, போர்டில் ஒவ்வொரு இணைப்பையும் பீப் வைத்து உறுதிசெய்து, படத்தில் அந்தக் கோட்டின் மேல் கலர் பேனாவால் தீட்டுங்கள். போர்டைப் பார்த்துப் படத்தைத் தீட்ட வேண்டும், படத்தைப் பார்த்துப் போர்டைத் தேடக் கூடாது. முடிவில் தீட்டாத கோடு ஒன்று மிஞ்சும், அல்லது படத்தில் இல்லாத இணைப்பு ஒன்று பீப் அடிக்கும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். வரும்போது சர்க்யூட் படம், ஐசியின் எட்டுக் காலிலும் டிரான்சிஸ்டரின் மூன்று காலிலும் அளந்த வோல்டேஜ், ஆடியோ புரோபில் சத்தம் எந்த இடம் வரை கேட்டது என்ற குறிப்பு, மூன்றும் கையில் இருக்கட்டும். ‘சத்தம் வரல’ என்று மட்டும் சொன்னால் நான் திரும்பவும் முதல் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.